பட்டதாரி அப்ரண்டிஸ் பயிற்சி: மாதம் 9,000 ரூபாய்க்கு ஒரு வருஷத்தைக் கொடுக்கலாமா?

டிகிரி முடித்த கையோடு அரசு நிறுவனத்தில் பட்டதாரி அப்ரண்டிஸாகச் சேரலாமா என்று தெரிந்த பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டுத் தொண்டை வறண்டுவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். "அங்கேயே வேலை போட்டுத் தருவாங்களாக்கா?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. தர மாட்டார்கள். 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்திலேயே நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் ஆக மாட்டீர்கள் என்று எழுதியிருக்கிறது. பயிற்சி முடித்தவரை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்குக் கிடையாது. இதைச் சேரும்போதே மனசில் போட்டுக்கொண்டால் மீதியை நிதானமாகப் பார்க்கலாம். நான் சேர்ந்தேன், முழு வருஷமும் முடித்தேன், நல்லதும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. மறுபடி அந்த வயசு வந்தால் சேர்வேனா என்றால் சேர்வேன். ஆனால் எல்லோரையும் சேரச் சொல்ல மாட்டேன்.

நான் திருமங்கலத்துப் பக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். முடித்தேன். பயிற்சி எடுத்தது மதுரைக்குள்ளேயே ஒரு அரசு நிறுவனத்தின் அலுவலகத்தில். பெயர் வேண்டாம். நான் குறை சொல்லப் போகிற சிலரும், உட்கார வைத்து வரி வரியாகச் சொல்லிக்கொடுத்த சிலரும் இன்னும் அதே நாற்காலிகளில்தான் இருக்கிறார்கள்.

திட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலேயே நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். நான் சேர்ந்த என்ஏடிஎஸ் என்பது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும் அப்ரண்டிஸ் திட்டம், தென் மாநிலங்களைப் பார்த்துக்கொள்ளும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. என்ஏபிஎஸ் என்று இன்னொன்று உண்டு, அது திறன் மேம்பாட்டு அமைச்சகத்துடையது, பெரும்பாலும் ஐடிஐ முடித்தவர்கள் போவது, இணையதளமும் வேறு. ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் மாற்றிப் பதிந்துவிட்டு மெயில் வரும், வரும் என்று காத்துக் கிடந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். சட்டம் வந்த காலத்தில் அப்ரண்டிஸ் பயிற்சி தொழிற்கூடத்தில் தொழில் பழகுகிறவர்களுக்கு மட்டும்தான், 1973-இல் திருத்தம் செய்த பிறகுதான் இன்ஜினியரிங் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் உள்ளே வந்தார்கள். இப்போது பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.பி.ஏ. படித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. இது தெரியாமல் "அதெல்லாம் மெக்கானிக்கல் பசங்களுக்குடி" என்று ஒதுங்கிப் போன என் வகுப்புத் தோழிகள்தான் அதிகம்.

டிகிரி வாங்கி ஐந்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே அப்ரண்டிஸ் பயிற்சி எடுத்திருந்தாலோ, ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை பார்த்த அனுபவம் இருந்தாலோ சேர முடியாது. எங்காவது சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு கடையில் கணக்கு எழுதப் போய், பி.எஃப். பிடித்து, அது ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. சேரும் எண்ணம் இருந்தால் படிப்பு முடிந்த உடனே பதிந்துவிடுங்கள்.

தேர்வு முறை ரொம்ப எளிது. நான் விண்ணப்பித்த இடத்தில் பரீட்சை கிடையாது, இன்டர்வியூ கிடையாது, டிகிரி மார்க்கை வைத்து ஒரு பட்டியல் போட்டார்கள், அதில் பெயர் வந்தவர்களைச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். சரிபார்ப்புக்குத் தரமணிக்குப் போக வேண்டியிருந்தால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறித் தாம்பரத்தில் இறங்குவது வசதி, எழும்பூர் வரை போய்விட்டுத் திரும்பி வர வேண்டாம். மார்க் ஷீட்டுகள் மொத்தமும், புரொவிஷனல், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்ணுக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, மார்க் ஷீட்டில் வெறும் எழுத்து மட்டும். அழுகிற நிலைக்குப் போய்விட்டாள். பிறகு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

சரி, காசு. எங்கள் பேட்ச்சில் பட்டதாரிகளுக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. பட்டதாரிக்கான தொகையில் பாதி, அதாவது 4,500, மத்திய அரசின் பங்கு. முன்பெல்லாம் முழுப் பணத்தையும் நிறுவனம் கொடுத்துவிட்டு அந்தப் பாதியைப் பிற்பாடு திரும்ப வாங்கிக்கொள்ளுமாம், 2024-இல் வந்த புதிய போர்ட்டலில் அது நேராக நம் கணக்குக்கே வருகிறது. அதனால் மாசம் ஒரே தொகையாக ஒரே தேதியில் வரும் என்று கணக்குப் போட்டு சீட்டுக் கட்டாதீர்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருப்பது முக்கியம், கணக்கு இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், வங்கிக்கே போய் இணைப்பு ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தச் சொல்லிப் பரிந்துரைத்தது, அப்படிப் பார்த்தால் 9,000 என்பது ஏறக்குறைய 12,300 ஆகும். நீங்கள் விண்ணப்பிக்கிற அறிவிப்பில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை, பிடித்தம் இல்லை என்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை என்று அர்த்தம்.

9,000 ரூபாயில் ஒரு ஆள் மதுரையில் இருக்க முடியுமா என்றால், வீட்டிலிருந்து போய் வந்தால் முடியும். சாப்பாட்டோடு ஹாஸ்டல் எடுத்தால் பெரும்பகுதி அங்கேயே போய்விடும், மிச்சத்தில் ஒரு சுடிதார் எடுக்கக்கூட யோசிக்க வேண்டும். எனக்குத் திருமங்கலத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரை டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை, மதியச் சாப்பாடு டிபன் பாக்ஸில். இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை அந்த ஒரு வருஷம் தாங்கின. அதே பேட்ச்சில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி கோரிப்பாளையத்தில் மூன்று பேரோடு ரூம் எடுத்துத் தங்கினான், வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வாங்கித்தான் ஓட்டினான். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் காசு கேட்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது, பாதியிலேயே ஒரு கூரியர் கம்பெனிக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான், யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களால் முழு வருஷமும் தாக்குப்பிடிக்க முடிவதில்லை.

இனி உள்ளே என்ன நடந்தது என்று. எங்களைத் தபால், பணியமைப்பு (ஊழியர்கள் சம்பந்தப்பட்ட கோப்புகளைப் பார்க்கிற பிரிவு), கணக்கு, ஸ்டோர்ஸ், கொள்முதல் என்று ஐந்து பிரிவுகளில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எவ்வளவு நாள் எங்கே என்று ஒரு அட்டவணை முதல் நாளே கொடுத்தார்கள், அதைத் தந்தவரே சிரித்துக்கொண்டு, "இது சும்மா பேப்பர்தாம்மா, எந்த செக்‌ஷன்ல ஆள் இல்லையோ அங்க இழுத்துருவாங்க" என்றார். அப்படித்தான் நடந்தது. யாராவது மருத்துவ விடுப்பில் போனால் அந்த நாற்காலிக்கு நாங்கள்.

தபால் பிரிவை எல்லோரும் மட்டமாக நினைப்பார்கள், நானும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். காலையில் வருகிற கடிதங்களைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, எந்தப் பிரிவுக்கு என்று பிரித்து அனுப்ப வேண்டும். அங்கே உட்கார்ந்தால் ஒரு அலுவலகத்துக்கு வெளியுலகம் எதற்காகவெல்லாம் எழுதுகிறது என்று தெரிந்துவிடும். ஆர்.டி.ஐ. மனு, வக்கீல் நோட்டீஸ், ஒப்பந்தக்காரர் பாக்கி கேட்டு எழுதிய மூன்றாவது நினைவூட்டல், ஓய்வு பெற்றவரின் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டுக் கையால் எழுதிய நாலு பக்கம். எந்தக் கடிதத்துக்குக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, எது ஆறப் போடலாம் என்று பிரிக்கத் தெரிவதே ஒரு வித்தைதான். ஆர்.டி.ஐ. மனுவுக்கு 30 நாள், அதை மற்றத் தபாலோடு கலந்து கீழே போட்டுவிட்டால் யாருக்கோ வம்பு.

பணியமைப்பில்தான் கடிதம் எழுதப் பழகினேன். அங்கே இருந்த மேடம் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவே மாட்டார். பொருள், பார்வை, பிறகு விஷயம். பார்வையில் பழைய கடிதம் முதலில், புதியது கடைசியில். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம்தான். நான் கல்லூரியில் எழுதின வழக்கத்தில் "தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன்" என்று நீட்டி முழக்கினால், "பணிவெல்லாம் போதும், என்ன வேணும் உனக்கு, அத எழுது" என்று ஒரே கோட்டில் அடித்துவிடுவார். குறிப்பு எழுதுவது எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. மேலே இருக்கிறவர் பழைய காகிதம் எதையும் புரட்டாமல் அந்த ஒரு பக்கத்தைப் படித்தே முடிவெடுக்க வேண்டும். என்ன கேட்கிறார்கள், விதி என்ன சொல்கிறது, முன்பு இதே மாதிரி வந்தபோது என்ன செய்தோம், இப்போது என்ன செய்யலாம் என்று வரிசையாகப் போக வேண்டும். கோப்பை முடிக்கும்போது அதற்கு ஆயுள் குறிப்பது இன்னொரு சுவாரசியம். எல்.டிஸ் போட்டால் ஒரு வருஷம், கே.டிஸ் மூன்று வருஷம், டி.டிஸ் பத்து வருஷம், ஆர்.டிஸ் போட்டால் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டும். பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ஆர்.டிஸ் போட்டுவிட்டுப் போன பழைய ஆட்களால்தான் ரெக்கார்டு ரூமில் கால் வைக்க இடமில்லை என்று மேடம் புலம்புவார்.

கணக்குப் பிரிவு. பி.காம். படித்தவள் என்பதால் ரொம்ப எதிர்பார்த்துப் போனேன், மொத்தப் பயிற்சியிலும் குறைவாகக் கற்றுக்கொண்டது அங்கேதான். பயிற்சியாளருக்கு சாஃப்ட்வேரில் லாகின் தர மாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது, பணம் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் லாகின் இல்லை என்றால் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டவாவது செய்யலாம். வவுச்சர்களை எண் வரிசையில் அடுக்கு, ஜெராக்ஸ் எடு, டேக் போடு, இதுதான் மிச்ச நேரம் முழுக்க. ஒப்பந்தக்காரர் தனி ஆள் என்றால் வருமான வரிக்காக பில் தொகையில் 1 சதவீதம் பிடித்தம், கம்பெனி என்றால் 2, ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.க்கான பிடித்தம் தனியாக 2 என்று பில்களைப் பார்த்துப் பார்த்து நானே புரிந்துகொண்டதுதான் மிச்சம். அந்தப் பிரிவில் ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏ அப்ரண்டிஸு" என்பார். கடைசி வரை அது மாறவில்லை.

ஸ்டோர்ஸுக்குப் போட்டபோது அழுகையே வந்தது. ஊருக்கு வெளியே, தகரக் கூரை, சித்திரை வெயில், உள்ளே கிரீஸ் வாடை. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஸ்டோர் கீப்பர் அண்ணன் ஓய்வு பெறப் போகிற வயசு, எல்லா ரேக்கிலும் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், ஆனால் அப்படிச் சொல்வது தப்பு என்பதும் அவரே சொல்வதுதான். "நான் சொல்றத நம்பாத பாப்பா. கார்டு சொல்லணும்" என்பார். ஒவ்வொரு ரேக்கிலும் பின் கார்டு (bin card) என்று ஒரு இருப்பு அட்டை தொங்கும். தேதி, வந்தது, போனது, இருப்பு என்று நாலே கட்டம். பொருளைக் கையில் எடுக்கும் முன் கார்டில் எழுத வேண்டும், எடுத்துக் கொடுத்துவிட்டு சாயங்காலம் சேர்த்து எழுதலாம் என்று விட்டால் அங்கேதான் எல்லாம் நாசமாகும்.

மார்ச் கடைசியில் இருப்பு சரிபார்ப்பு. எண்ணுவது என்றால் ஒவ்வொன்றாக எண்ணுவது என்று நினைத்திருந்தேன். போல்ட், நட்டை எல்லாம் எண்ண மாட்டார்கள், நூறு போல்ட்டை எடை போட்டு அதை வைத்து மூட்டை முழுவதற்கும் கணக்குப் போடுவார்கள். பேரிங் மாதிரி விலை கூடியவை மட்டும் ஒன்று ஒன்றாக. அதில் ஒரு ரகத்தில் ரேக்கில் இருந்ததும் கார்டில் இருந்ததும் ஒன்றாக இருக்க, லெட்ஜரில் மட்டும் இரண்டு குறைந்தது. பொருள் தொலைந்தால் ஆள் மாட்டுவார், பொருள் இருந்து கணக்கு குறைந்தாலும் ஆள் மாட்டுவார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இண்டென்ட் சீட்டுக் கட்டுகளை, அதாவது பொருள் வேண்டும் என்று மற்றப் பிரிவுகள் எழுதித் தருகிற சீட்டுகளை, தரையில் பரப்பிவைத்துக்கொண்டு நானும் அண்ணனும் தேட ஆரம்பித்தோம். கடைசியில், கேன்சல் செய்த ஒரு இண்டென்ட்டை யாரோ லெட்ஜரில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பிடித்தது நான்தான். கேன்சல் என்று குறுக்கே எழுதின மை மங்கிப்போயிருந்தது. அண்ணன் ஒன்றும் பாராட்டவில்லை. டீ சொல்லிவிட்டு, அடுத்த ரேக்குக்கு என்னைத் தனியாக அனுப்பினார்.

கொள்முதல் கடைசியாக. டெண்டர் என்றாலே வெளியே ஆயிரம் கதை சொல்வார்கள். உள்ளே பார்த்தால் அதற்கென்று 1998-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது, டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், அதற்கு 2000-இல் விதிகள். இரண்டு கவர் முறை என்றால் தொழில்நுட்ப கவரை முதலில் திறப்பார்கள், அதில் தேறியவர்களின் விலை கவரை மட்டும்தான் பிறகு திறப்பார்கள். நடப்பில் இருக்கிற டெண்டர் எதையும் எங்கள் கையில் தரவில்லை, அது சரிதான். அந்தப் பிரிவு மேடம் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார். முடிந்துபோன ஒரு கோப்பை எடுத்து, கம்பெனிகள் கொடுத்த விலைப்பட்டியலை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து, "ஒப்பீட்டுப் பட்டியல் போடு, யாரு எல்1னு சொல்லு" என்றார்.

ரொம்ப சுலபம் என்று நினைத்துப் போட்டேன். மூன்று கம்பெனி, மூன்று விலை, குறைந்தது எதுவோ அது எல்1. மேடம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினார். குறைந்த விலை போட்டவர் தன் ஃபேக்டரி வாசலில் கொடுக்கிற விலை போட்டிருக்கிறார். லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் நம் தலையில். இரண்டாவது ஆள் நம் ஸ்டோர்ஸ் வாசல் வரை கொண்டுவந்து கொடுக்கிற விலை. வரியும் ஒருவர் சேர்த்துப் போட்டிருக்கிறார், இன்னொருவர் சேர்க்காமல். எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்து கூட்டினால் இரண்டாவது ஆள்தான் எல்1. "ரேட்டப் பாக்காதம்மா, நம்ம வாசலுக்கு வந்து சேர்ற விலையப் பாரு" என்றார். அதற்கப்புறம் பழைய கோப்பு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமானதுகூடத் தெரியாது.

இப்படிச் சுற்றி விடுவதில் உள்ள லாபம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. மூன்று வருஷம் பி.காம். படித்துவிட்டு, கணக்கு எழுதுகிற வேலைதான் எனக்கு என்று நினைத்திருந்தேன். எனக்குச் சரக்கு, விலை, பேரம், இருப்பு இதெல்லாம்தான் பிடிக்கிறது என்று இந்தச் சுற்று இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. நேராக ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் சேர்ந்திருந்தால் அதிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்திருப்பேன். என்னோடு இருந்த இன்னொரு பெண்ணுக்கு நேர் எதிர்: ஸ்டோர்ஸில் தூசு ஒத்துக்கொள்ளவில்லை, கொள்முதலில் தலை சுற்றியது, பணியமைப்பில் விதிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தவள் கீழே வைக்கவே இல்லை. அவள் இப்போது குரூப் 2-க்கு முழுமூச்சாகப் படிக்கிறாள்.

குறை என்று சொன்னால், சொல்லிக்கொடுப்பது யாருடைய பொறுப்பு என்று எழுத்தில் எங்கேயும் இல்லாத மாதிரிதான் நடக்கிறது. அந்த இரண்டு மேடம்கள் மாதிரி ஒருவர் வாய்த்தால் உங்கள் அதிர்ஷ்டம், வாய்க்காவிட்டால் ஜெராக்ஸ் மெஷின். ஒரு பிரிவில் கை பழகி, கேள்வி கேட்கிற அளவுக்கு வரும்போது அடுத்த பிரிவுக்குத் தூக்கிவிடுவார்கள். மாதாமாதம் எழுதித் தர வேண்டிய பயிற்சி அறிக்கையை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், யாரும் படிக்கிற மாதிரி தெரியவில்லை. ஒரு தடவை நான் வேண்டுமென்றே போன மாத அறிக்கையின் தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன், அதற்கும் பச்சை மையில் கையெழுத்து வந்தது. இன்னொன்று, நிரந்தரப் பணியாளர்களில் சிலர் நம்மைத் தங்கள் பிள்ளையின் வேலையைப் பறிக்க வந்தவர்கள் மாதிரி பார்ப்பார்கள். அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்பவர்களுக்குத்தான் அங்கே எதுவும் கிடைக்கும். "சார், இந்த வவுச்சர அடுக்கிட்டேன், இதுல ஒண்ணு எப்படி பாஸ் ஆகுதுன்னு முதல்ல இருந்து காட்டுறீங்களா?" என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் காட்டுவார்கள். போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள், வருஷம் ஓடிவிடும், சான்றிதழும் வந்துவிடும். எங்கள் பேட்ச்சில் அப்படி ஓட்டினவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் சான்றிதழில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டே போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், நிறைய பேர் அதற்காகத்தான் சேர்கிறார்கள், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால். புது நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்கான புத்தகங்களுக்கென்று அங்கே தனிப் பகுதியே உண்டு, லீவு நாளில் எங்கள் செட் முழுக்க அங்கேதான். ஆனால் அப்ரண்டிஸ் முடித்ததற்காகத் தேர்வில் கூடுதல் மார்க் எதுவும் கிடைக்காது. ரயில்வேயில் அவர்களிடமே பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல் 1 வேலைகளில் 20 சதவீதம் ஒதுக்குகிறார்கள், அதைக் கேள்விப்பட்டுவிட்டு நமக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2025 குரூப் 4-க்கு அறிவித்த இடங்கள் 3,935, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் நீந்துகிறவர்களுக்கு ஒரு வருஷ அலுவலக அனுபவம் கையில் இருப்பது ஒரு பிடி, அவ்வளவுதான்.

வேறு எதனோடு ஒப்பிடலாம்? 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் பெரிய தனியார் கம்பெனிகளில், ஆரம்பித்தபோது மாதம் 5,000, அதோடு ஒரே ஒரு முறை 6,000 என்று அறிவித்தார்கள். காசு குறைவு, ஆனால் தனியார் வேலைதான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அதைப் பார்க்கலாம். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தையும் இதையும் ஒன்றாகப் பேசுகிறார்கள், அது மாநிலம் முழுக்க 30 பேரை எடுத்த இரண்டு வருஷத் திட்டம், போட்டியே வேறு ரகம். ஆடிட்டர் ஆபீஸில் சேரலாமா என்று பி.காம். பிள்ளைகள் கேட்டால், கணக்கு எழுதுவதுதான் பிடிக்கும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். நான் கணக்குப் பிரிவில் கற்றதை அங்கே ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள்.

மொத்தமாக மார்க் போடச் சொன்னால், கற்றதற்கு ஐந்துக்கு நாலு, காசுக்கு ஒன்றரை, நடத்துகிற விதத்துக்கு இரண்டரை. வீட்டிலிருந்து போய் வர முடிந்து, வீட்டில் ஒரு வருஷம் உங்கள் சம்பளத்தை எதிர்பார்க்காத நிலை இருந்து, என்ன வேலை நமக்குப் பொருந்தும் என்று இன்னும் தெரியாமல் இருந்தால் சேருங்கள். தம்பி தங்கச்சி படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் உங்கள் தலையில் இருந்தால் வேண்டாம், அந்தக் கூரியர் கம்பெனிக்குப் போன தம்பி எடுத்த முடிவுதான் சரி.

நான் இப்போது கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸில் இருக்கிறேன், வீட்டுக்குப் பக்கம், சம்பளம் அப்ரண்டிஸ் பணத்தைவிட நன்றாகவே கூட. இன்டர்வியூவில் அந்த மேனேஜர் என் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று கொட்டேஷனைத் தூக்கிப் போட்டு, "இதுல எத எடுப்பீங்க?" என்றார். நான் ரேட்டைப் பார்க்காமல் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துக்குப் போனேன். அப்புறம்தான் உட்காரச் சொன்னார்.

முடிக்கும் முன் இரண்டு விஷயம். பயிற்சி முடிந்ததும் வாரியம் கொடுக்கிற சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு வருஷ அனுபவமாகப் பதியலாம், மதுரைக்கு அது புதூரில் இருக்கிறது. அங்கேயே போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் நடக்கும், அதையும் விசாரித்துவிட்டு வாருங்கள். என் சான்றிதழில் எந்தெந்தப் பிரிவில் என்ன செய்தேன் என்ற விவரம் எதுவும் இல்லை. அதனால் கடைசி மாதத்திலேயே பிரிவுகள், மாதங்கள், செய்த வேலை மூன்றையும் நீங்களே ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோய், அலுவலகக் கடிதத் தாளில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து வெளியே வந்த பிறகு கேட்டால், அதற்கு ஒரு மனு எழுது, பொருள், பார்வை எல்லாம் போட்டு என்பார்கள்.